பதினெட்டு நாள்

வேலந்தாவளத்தில் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது ஷட்டர்.
ஒரு பக்கம் பஞ்சர் கடை, மறுபக்கம் கள்ளுக்கடை,
நடுவில் என் ஊசிகள்.

சுவரில் ஒரு சீன வட்டம்,
கோவையில் பயிற்சி முடிந்த அன்று
இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது.
பச்சையில் வசந்தம், அதற்குக் கல்லீரல், அதற்குக் காற்று.
சிவப்பில் கோடை, இதயம்.
வெள்ளையில் இலையுதிர்காலம், உலோகம், நுரையீரல், துக்கம்.
கறுப்பில் குளிர், சிறுநீரகம், பயம்.
மஞ்சளில் மண்ணும் வயிறும்.

முதல் வருஷம் வட்டம் சொன்னபடி குத்தினேன்.
ஐப்பசி பிறந்ததும் வெள்ளைக்குப் போனேன்.
வெளியே துலாமழை.
பஞ்சர் கடைத் தொட்டி நிரம்பி
டியூப் மிதந்து வாசலுக்கு வந்தது.
தென்னைக்கு மாதக் கணக்கு கிடையாது,
நினைத்தால் ஒரு மட்டையை
சைக்கிள் மேல் போடும்.
எந்த இலை உதிர்ந்தது என்று
எந்த விரலில் குத்த?

காற்று வசந்தத்துக்கு உரியது என்கிறது புத்தகம்.
எழுதியவர் மார்கழியில் இந்தக் கணவாயில் நின்றதில்லை.
பனையோலை ராத்திரி முழுக்கத் தகரம் தட்டும்,
உதடு வெடிக்கும்,
காயப்போட்ட சட்டை
மேற்கே கொழிஞ்சாம்பாறை வரை போகும்.
ஆடியில் அதே காற்று
நனைந்துகொண்டு திரும்பி வரும்.

பாத்துமுத்து வந்தது சித்திரையில்.
காய்கறிச் சந்தையில் தக்காளி மண்டி.
தினமும் விடியாத மூன்று மணிக்கு இருமல்.
எனக்குள் மணி அடித்தது:
மூன்றிலிருந்து ஐந்து, நுரையீரலின் நேரம்.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தேன்.
வசந்த நாடி வில்லின் நாண், குளிர்கால நாடி கல்.
இது இரண்டும் இல்லை,
இறகு மாதிரி மேலேயே மிதந்தது.
சித்திரையில் இலையுதிர்கால நாடி.

"ஏதாவது துக்கம் இருக்குங்களா?"

சிரித்தாள். இருமினாள். மறுபடி சிரித்தாள்.
"மூணு மணிக்குத்தான் டாக்டரம்மா லாரி வருது.
அஞ்சு வரைக்கும் புகையிலதான் கூடை எண்ணுறேன்."

நான் டாக்டர் இல்லை என்று
சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன்.
முகமூடி கட்டச் சொன்னேன்.
ஊசியும் போட்டேன்.

ஊசி நின்றுகொண்டிருந்த இருபது நிமிஷத்தில்
ஃபேனைப் பார்த்தபடி சொன்னாள்:
"மாசியில விலை விழுந்துச்சே, அந்த வாரம்
நூத்திப் பத்துக் கூடை ரோட்டோரம் கொட்டினேன்.
மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.
அதுக்குப் பேரு துக்கமுங்களா?"

வட்டத்தில் அதற்கு நிறம் இல்லை.

அன்று ராத்திரி பழைய நோட்டைப் புரட்டினேன்.
ஒரு ஓரத்தில் என் கையெழுத்து,
வகுப்பில் தூக்கத்தோடு எழுதியது:
'மண்ணுக்குத் தனிப் பருவம் இல்லை என்று ஒரு கட்சி.
ஒவ்வொரு பருவத்தின் கடைசிப் பதினெட்டு நாளும்
அதனுடையது.'

ஒன்று முடியாமல் இன்னொன்று தொடங்காமல்
நாலு பதினெட்டு.
இங்கே அது எனக்குப் புரியாமல் இருக்குமா?
என் வாசலில் பங்குனிக்கும் மீனத்துக்கும்
சில வருஷம் ஒரு நாள் இடிக்கும்.
சில்லறை கொடுப்பவர் ஒரு பாஷையில் எண்ணத் தொடங்கி
இன்னொன்றில் முடிப்பார்.

வட்டத்தைக் கிழிக்கவில்லை.
பென்சிலால் மாதங்களை எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
மஞ்சள் மட்டும்
எல்லாப் பக்கமும் கொஞ்சம் கசிந்துவிட்டது.

இப்போது பாத்துமுத்துவுக்கு
முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஓர் ஊசி.
அந்த இடத்துக்குச் சீனத்தில் மூன்று மைல் என்று பேர்.
களைத்தவர் அங்கே குத்திக்கொண்டால்
இன்னும் மூன்று மைல் நடக்கலாமாம்.

"மூணு மைலா? எந்தப் பக்கம்?" என்றாள்.

நான் யோசிப்பதற்குள் வெளியே ஹாரன்.
"எடுத்துருங்கம்மா, பகல் லோடு வந்துருச்சு."
பதினொரு நிமிஷம்தான் ஆகியிருந்தது.
எடுத்தேன்.